உழுவையும் புலியும் ஒரே பட்டியலில்

மீன் இறங்குதளத்தில் விடிகாலை ஏலம் தொடங்கும் முன்பு போய் நின்றால், சிமெண்ட் தரையில் திருக்கைகள் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கலாம். வெள்ளை வயிற்றில் வாயும் இரண்டு மூக்குத் துளைகளும் சேர்ந்து சிரிக்கிற முகம் போலத் தெரியும். அது முகமில்லை, கண்கள் முதுகுப் பக்கம் இருக்கின்றன. வால்முள்ளைக் கடலிலேயே ஒடித்திருப்பார்கள். அந்த முள் குத்திய ஒருவர் கடுப்புத் தாங்காமல் துடிப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அதை ஒடிக்க மறப்பதில்லை.

ஏலம் கூவுகிறவருக்கு இவை எல்லாமே 'திருக்கை'. கிலோ என்ன விலை என்பதோடு அவர் வேலை முடிந்தது. வலையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தவரைக் கேளுங்கள். இது புள்ளித் திருக்கை, அது செந்திருக்கை, சிறகு நீண்டது வவ்வால் திருக்கை, தலையில் இரண்டு மடல் நீட்டிக்கொண்டிருப்பது கொம்புத் திருக்கை என்று பிரித்துச் சொல்வார். சுறாவிலும் அப்படித்தான்: பால் சுறா, சுத்தியல் தலையுள்ள கொம்பன் சுறா, புலிச்சுறா. இரண்டுக்கும் நடுவில் நிற்பது உழுவை. முன்பாதி திருக்கையைப் போலத் தட்டை, பின்பாதி சுறாவைப் போலத் திரட்சி. மூக்கு நீண்டு இருபக்கமும் பல் வைத்த வாளாக முடிவது வேளா. வேளாவைப் பற்றிப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். இளையவர்களில் பெரும்பாலோர் அதை உயிரோடு பார்த்ததில்லை.

பெயர் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. சுறாவையும் திருக்கையையும் காப்பாற்ற இந்தியாவில் கால் நூற்றாண்டாக நடக்கும் முயற்சிகள் தடுக்கி விழுந்த இடங்களில் முதலாவது இந்தப் பெயர்தான்.

அதற்கு முன், இவற்றை ஏன் தனியாகக் காப்பாற்ற வேண்டும்? மத்தியும் நெத்திலியும் கூடத்தானே பிடிபடுகின்றன? வேறுபாடு குட்டிக் கணக்கில் இருக்கிறது. மத்தி ஏறக்குறைய ஒரு வயதிலேயே பருவமடைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு வருடம் பாடு கெட்டாலும் அடுத்த நல்ல பருவத்தில் கடல் அதை ஈடுகட்டிவிடும். சுறாவும் திருக்கையும் மீனாகப் பிறந்து மாட்டைப் போல வாழ்கிறவை. முட்டையிடும் வகைகளும் உண்டு. பெரும்பாலானவை குட்டி போடுபவை. பால் சுறா போன்ற சிறிய வகையே ஒரு ஈற்றில் ஒன்று முதல் எட்டுக் குட்டி வரைதான் ஈனும். கொம்புத் திருக்கைக்கு ஒரே குட்டி. அதையும் ஏறக்குறைய ஒரு வருடம் சுமக்கிறது, ஆண்டுதோறும் ஈனுவதுமில்லை. பெரிய சுறாக்கள் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு பெரிய பெண் சுறாவைப் பிடிப்பது கறவை மாட்டை அறுப்பது மாதிரி. அந்த இடம் நிரம்பப் பத்து ஆண்டு கூட ஆகலாம்.

உலகம் முழுவதும் இந்தக் கணக்கு தப்பிவிட்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோலின்படி 2021இல் வெளிவந்த மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 1,199 இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. அத்தனைக்கும் பொதுவான காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, பெருங்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970இலிருந்து 71 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொன்னது. உலகிலேயே அதிகமாகச் சுறா பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியாவும் இந்தியாவும் முன்னணியில் இருக்கின்றன.

இதைக் கேட்டதும் பலருக்கு மனத்தில் வரும் காட்சி, நடுக்கடலில் சுறாவின் துடுப்பான பீலியை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவது. நம் கரைகளில் அது வழக்கமில்லை. இங்கே சுறாவில் வீணாகிறது என்று ஒன்றுமில்லை. இறைச்சி சந்தைக்கு, மிச்சம் கருவாட்டுக்கு. ஈரல் எண்ணெயை மரப்படகின் பலகை உளுத்துப்போகாமல் இருக்கப் பூசினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காட் மீன் ஈரல் எண்ணெய் இறக்குமதி தடைபட்டபோது, சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கும் தொழிலை முனைந்து வளர்த்தன. சுறா பிடி என்று மீனவரை ஊக்கியது ஒரு காலத்தில் அரசாங்கம்தான். அதை மறந்துவிட்டு இன்று அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

தமிழ்நாட்டில் சுறாத் தொழிலுக்குப் பேர்போனவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள தூத்தூரையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்த மீனவர்கள். கட்டுமரத்தில் தூண்டில் போட்டு சுறா பிடித்த சமூகம் அது. பிறகு விசைப்படகு வந்தது. கொச்சியைத் தளமாக வைத்துக்கொண்டு குஜராத் வரையிலும் லட்சத்தீவுக்கு அப்பாலும் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது பெரும் இழப்பைச் சந்தித்தவர்களும் இவர்களே. சுறா குறையக் குறைய இவர்கள் சூரைக்கும் மற்ற மீன்களுக்கும் திரும்பினார்கள். யாரும் தடை போட்டுத் திருப்பவில்லை. பாடு குறைந்து திருப்பியது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2001 மே மாதம் திமிங்கலச் சுறா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அடுத்து ஜூலையில், எல்லாச் சுறாக்களும் எல்லாத் திருக்கைகளும் அதே அட்டவணைக்குள் வந்தன. முதல் அட்டவணை என்றால் புலியும் யானையும் இருக்கும் பட்டியல். கொன்றால் ஆண்டுக்கணக்கில் சிறை. அதாவது கரைவலையில் கூடை நிறையச் சிறு திருக்கை விழுந்தால், இழுத்தவர் அத்தனை பேரும் புலி வேட்டைக்காரர்கள்! எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது.

அந்தப் பத்தில் வேளா வகைகள் இருந்தன, உழுவை ஒன்று இருந்தது. பழந்தமிழில் உழுவை என்றால் புலி. கடல் உழுவையும் காட்டு உழுவையும் ஒரே அட்டவணையில் சேர்ந்த தற்செயலைத் தமிழாசிரியர்கள் ரசிக்கலாம். மீனவருக்கு அதில் ரசிக்க ஒன்றுமில்லை. ஏனென்றால் பட்டியலில் 'உழுவை' என்று எழுதவில்லை. 'ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ்' என்று எழுதியிருந்தது. பிற்காலத்தில் வகைப்பாட்டியலாளர்கள் இந்தக் குடும்பத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அந்தப் பெயருக்குரிய இனம் செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரையிலான கடலுக்கு உரியது என்றும், நம் வலையில் விழுவது அதன் பங்காளிகள் என்றும் தெரிந்தது. சட்டம் காத்த பெயர் ஒன்று, கரைக்கு வந்த மீன் வேறு.

பட்டியலில் இன்னொரு பெயரும் உண்டு: புதுச்சேரிச் சுறா. புதுச்சேரியில் கிடைத்த மாதிரியை வைத்து முல்லர், ஹென்லே என்ற இரு ஜெர்மானிய விலங்கியலாளர்கள் 1839இல் விவரித்த இனம். உறுதியாகக் கடைசியாகப் பதிவானது 1979இல். நம் ஊர்ப் பெயரைச் சுமக்கிற மீனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் உறுதியாகக் காணவில்லை. பாதுகாப்பு வந்த 2001இல் பாதுகாக்க ஏதாவது மிச்சமிருந்ததா என்பதே சந்தேகம்.

பிறகும் ஆணைகள் வந்தன. 2013இல், கரைக்கு வரும் சுறா பீலியோடுதான் வர வேண்டும் என்றார்கள். 2015இல் எல்லாவகைச் சுறாப் பீலியின் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமும், மாநாட்டுக்கு மாநாடு, கொம்பன் சுறா, கொம்புத் திருக்கை, உழுவை வகைகள் என்று சேர்த்துக்கொண்டே போனது. 2022இல் திருத்தி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வன உயிரினச் சட்டத்தில் நம் பட்டியலும் நீண்டது. பீலித் தடையால் சட்டப்படியான விலை போனதே தவிர, சுறா வலையில் விழுவது நிற்கவில்லை. சந்தை இழந்த பொருளை ஒளித்து விற்கும் வழிகளும் திறந்தன. சென்னையிலும் இராமேசுவரம் பக்கத்திலும் பீலி மூட்டைகள் பறிமுதல் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இந்தக் கதையின் கிளை.

அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். சிறு படகுக்காரர்களில் பெரும்பாலோர் சுறாவைத் தேடிப் போவதில்லை. திருக்கை வலை என்றே அகன்ற கண்ணியோடு கட்டி, கடலடியில் இறக்கும் பழக்கம் இராமநாதபுரம் கரையில் உண்டு. ஆயிரங்கால் தூண்டிலில் சுறாவுக்கே இரை கோப்பவர்களும் உண்டு. மற்றவர்கள் வேறு மீனுக்கு வலை போடுகிறார்கள், இது வந்து விழுகிறது. விழுந்ததை எந்தச் சட்டத்தாலும் விழாததாக்க முடியாது. இறங்குதளத்தில் அதிகாரி வந்து பார்க்கும்போது அது செத்து ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். காப்பாற்ற முடிந்த நேரம் வலை ஏறும் அந்தச் சில நிமிடங்கள்தான். அப்போது அங்கே இருப்பவர் மீனவர் ஒருவரே.

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். திருக்கைக்குக் கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் உண்டு. மணலில் புதைந்து கிடக்கும்போது அவற்றின் வழியாகத்தான் நீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்புகிறது. நகராமலே மூச்சு விடத் தெரிந்த பிராணி. அதனால் வலையில் சிக்கியும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். தளத்தில் போட்டாலும் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். உழுவையும் இப்படித்தான், எடுத்தவுடன் விட்டால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. கொம்பன் சுறா நேர் எதிர். அது நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் பாயும். வலையில் நின்றுவிட்டால் மூச்சு நின்ற மாதிரி. வலையை இழுக்கும்போதே பெரும்பாலும் செத்திருக்கும். ஆக, 'பிடித்தால் விட்டுவிடு' என்ற அறிவுரை திருக்கைக்கும் உழுவைக்கும் பொருந்தும், கொம்பனுக்குப் பொருந்தாது. கொம்பனைக் காப்பாற்ற வேண்டுமானால் அது குட்டிபோடும் இடத்தில், குட்டிபோடும் காலத்தில், வலை போடாமல் இருப்பதுதான் வழி.

இன்னொரு காட்சி. சினையாக இருக்கும் திருக்கை வலையில் சிக்கிய அதிர்ச்சியில் குட்டிகளைப் படகுத் தளத்திலேயே ஈன்றுவிடும். உள்ளங்கை அளவில், தாயின் அச்சாக, வால் சுருட்டிக்கொண்டு விழும். விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து எழுதுவதற்கு வெகு முன்பே மீனவருக்கு இது தெரியும். குட்டியைக் கையால் அள்ளிக் கடலில் விடுகிறவர்கள் உண்டு. நாள் நிறையாமல் விழுந்த குட்டி பிழைப்பது அரிது. தாயை விட்டால்தான் கணக்கு நேராகும். ஆனால் அந்தத் தாய் இருபது முப்பது கிலோ எடை. டீசல் செலவு கைக்கு வருமா என்று தெரியாத நாளில் அவ்வளவு எடையைத் திரும்பக் கடலில் தள்ளச் சொல்வது எளிது. தள்ளுவது எளிதல்ல.

அந்தச் செலவை யாராவது ஏற்றுக்கொண்டால்? அதைக் குஜராத்தில் செய்து பார்த்தார்கள். வெராவல் கரையில் 1990களில் திமிங்கலச் சுறாவை ஈரலுக்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். சட்டம் வந்த பிறகு, வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2004இல் ஒரு பிரச்சாரம் தொடங்கின. இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்த மீனை 'வஹாலி' என்றார். குஜராத்தியில் செல்லமானவள் என்று பொருள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று விளக்கினார். ஆனால் சொற்பொழிவோடு விட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது, 25,000 ரூபாய் வரை. விடுவித்ததற்குச் சாட்சியாக மீனவரே படம் எடுக்கக் கேமராவும் தந்தார்கள். நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் இப்படித் திரும்பிப் போயிருக்கின்றன. பாசம் வேலை செய்தது, வலைப்பணமும் வேலை செய்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

திமிங்கலச் சுறாவுக்கு இது சரி. பேருந்து நீளத்தில், உடலெல்லாம் புள்ளியோடு இருப்பதை யாரும் வேறொன்றாகத் தவறாக எண்ண மாட்டார்கள். ஒரு முழத் திருக்கைக்கு யார் இழப்பீடு கேட்டு மனு எழுதுவார்? அங்கே வலையிலும் தூண்டிலிலும்தான் மாற்றம் வர வேண்டும். மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா கரையில் சிறு மீனவர்களோடு சேர்ந்து செய்த ஒரு சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. வலையில் பச்சை எல்.இ.டி. விளக்குகளைக் கட்டினார்கள். வேண்டாமல் சிக்கும் சுறா, திருக்கை 95 விழுக்காடு குறைந்தது. வேண்டிய மீன் குறையவில்லை. வலை இழுத்துச் சிக்கெடுக்கும் நேரமும் பாதிக்கு மேல் மிச்சம். மீனவர் காதில் விழ வேண்டிய சேதி அந்தக் கடைசி வரிதான். விளக்கின் விலையை யார் தருவது என்பது அடுத்த கேள்வி. தூண்டில்காரர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி கட்டாமல் நைலான் கட்டினால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

விசைப்படகுகளைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. இழுவை மடி பெரியது சிறியது பார்க்காமல் வாரிக்கொண்டு வரும். அதில் வரும் சுறாவில் குட்டிகள் ஏராளம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. மீன் முட்டையிட்டுப் பெருக அது உதவும். வருடம் முழுவதும் குட்டி சுமக்கும் பிராணிக்கு இரண்டு மாத ஓய்வு என்ன செய்துவிடும்? நாட்டுப்படகுக்காரரிடம் சுறாவைப் பற்றிப் பேசப் போனால் முதலில் அவர் கேட்பது, 'மடிக்காரரிடம் இதைச் சொன்னீர்களா?' என்றுதான். அவர் கேட்பது சரி.

கட்டுப்பாடு இந்தச் சமூகங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை வந்தது. பழவேற்காட்டில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகவில்லை. சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டுவிட்டு, உண்டும் ஆடியும் அன்றைய பொழுதைக் கழித்தார்கள். அந்தக் கொம்பு வேளாவின் வாளாகவே இருக்க வேண்டும். அன்று கடற்கரை மணலில் தெய்வமாக நின்றது, இன்று கடலிலேயே அரிதாகிவிட்டது. எந்த மாதம் எந்தப் பொழிமுகத்தில் குட்டிகள் அதிகம் விழுகின்றன என்பதை ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் நாலு பெரியவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும். அந்த இடத்தை அந்த மாதம் விட்டுவைப்பது என்று ஊரே முடிவெடுத்தால், வனத்துறை ஆணையைவிட அது நன்றாக நிற்கும். அதற்கு முதலில் சட்டத்தின் பட்டியலை உழுவை, வேளா, கொம்பன் என்று, படத்தோடு, அந்தந்தக் கரையின் பெயரில் அச்சடித்து ஒட்ட வேண்டும்.

கடலை விட்டுச் சமையலறைக்கு வருவோம். நம் நாட்டில் பிடிபடும் சுறாவைப் பெரும்பாலும் தின்பது நாமே. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு. மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, குருத்தெலும்பை நீக்கி உதிர்த்து, பூண்டும் மிளகும் சேர்த்து வதக்குவது. யாழ்ப்பாணத்தில் சுறா வறை. இதற்குச் சிறிய சுறாதான் வேண்டும் என்பதால் சந்தையில் சிறிய சுறாவுக்கு எப்போதும் கிராக்கி. பால் சுறா ஒரு மீட்டரைத் தொடுமுன்பே பருவமடைந்த மீனாகிவிடும். கொம்பன் பிறக்கும்போதே ஒரு முழம் இருக்கும். அதே அளவில் கூடையில் கிடந்தால் அது பிறந்த குட்டி. இரண்டையும் பிரித்தறிய விஞ்ஞானம் வேண்டாம், தலையைப் பார்த்தால் போதும். அடுத்த முறை சுறா வாங்கப் போகும்போது தலை வெட்டாததாகக் கேளுங்கள். சுத்தியல் தலையோடு முழ நீளத்தில் ஒன்று இருந்தால் வேண்டாமென்று வைத்துவிடுங்கள். ஏன் வேண்டாம் என்பதைக் கூடைக்கார அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.